32 பாயிண்டில் தோற்ற பிள்ளைகள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



"பெண்களும் விளையாட்டும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்காங்க. 10 நிமிஷம் என்று சொன்னாங்க. கொஞ்சம் கூடப் போகும், பொறுத்துக்கோங்க. நான் பத்தாம் வகுப்பு வரை படிச்சவள். பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடியிருக்கேன். கல்யாணத்துக்கு அப்புறம் ஓடினது என்றால் காலை 7 மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினதுதான். அதனால விளையாட்டைப் பற்றிப் பொதுவாகப் பேச எனக்குத் தெரியாது. ஒரே ஒரு விளையாட்டைப் பற்றி, அதிலும் ஒரு கல்லூரிப் பெண்களோட அணியைப் பற்றி மட்டும் சொல்றேன். அதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நம்ம ஊராட்சிப் பிள்ளைகள் மூணு பேர் இப்போ டவுன் கல்லூரியில் கூடைப்பந்து அணியில் ஆடுறாங்க. அதில் ஒருத்தி என் அக்கா மகள். அடுத்த மாசம் கல்லூரிகளுக்கு இடையிலான பெரிய போட்டி. அதுக்கு முன்னால போன வாரம் நடந்த ஒரு போட்டியில் நம்ம பிள்ளைங்க தோற்றுட்டாங்க. சும்மா தோற்கலை, 58க்கு 31. அதாவது 27 பாயிண்ட் வித்தியாசம்.

அந்தச் செய்தி பிள்ளைங்க வருவதுக்கு முன்னாடியே ஊருக்கு வந்துடுச்சு. டீக்கடையில் பேச்சு, குழாயடியில் பேச்சு. "இப்படித் தோற்கவா காலையில 6 மணிக்கு எழுப்பி ஓட விடுறாங்க?" என்று கேட்டவங்க உண்டு. மூணு பிள்ளைகளில் ஒரு பிள்ளையோட வீட்டில், இனிமே ஆட வேண்டாம், படிப்பை மட்டும் பார் என்று சொல்லிட்டாங்க. பேர் சொல்ல மாட்டேன். அந்த அம்மா நம்ம உறுப்பினர்தான், இந்தக் கொட்டகையிலேயே இருக்காங்க. அவங்க மேல எனக்குக் கோபம் கிடையாது. பொம்பளைப் பிள்ளையை வெளியூருக்கு அனுப்புற வீட்டில் என்னென்ன பேச்சு வரும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஜெயிச்சிட்டு வந்தா அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லலாம். தோற்றுட்டு வந்தா பெற்றவங்க வாயடைச்சு நிற்க வேண்டியிருக்கு.

என் அக்கா மகள் அன்னைக்கு ராத்திரி போன் பண்ணினாள். அழுவாள் என்று நினைச்சேன். அழலை. "சித்தி, எங்க பி.டி. மேடம் ஒரு கதை சொன்னாங்க. நிஜமா நடந்தது. உனக்குச் சொல்லட்டுமா?" என்றாள். சொன்னாள். எனக்கு நம்பிக்கை வரலை. மறுநாளும் சொல்லச் சொன்னேன். கல்லூரி நூலகத்தில் பார்த்து, வருஷம், ஆட்டக் கணக்கு எல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்பு என்று கேட்டேன். எழுதி அனுப்பினாள். அதைத்தான் கையில் வச்சிருக்கேன்.

கூடைப்பந்து பார்க்காதவங்களுக்காக முதல்ல ஒரு வார்த்தை. ஒரு பக்கத்துக்கு 5 பேர். 10 அடி உயரத்தில் ஒரு இரும்பு வளையம், அதில் அடி இல்லாத வலை. பந்தைத் தரையில் தட்டிக்கிட்டே ஓடி, கை மாற்றிக் கொடுத்து, அந்த வளையத்துக்குள்ள போடணும். போட்டால் 2 பாயிண்ட். இப்போ தூரத்திலிருந்து போட்டால் 3 கிடைக்கும், நான் சொல்லப் போற காலத்தில் அது இல்லை. எதிரி தப்பாக இடிச்சால் நின்ன இடத்தில் நின்னு எறிய வாய்ப்புக் கொடுப்பாங்க, அதுக்கு 1 பாயிண்ட். இதுக்கு ப்ரீ த்ரோ என்று பேர். ஒருத்தி 5 தடவை தப்பு பண்ணினால் அந்த ஆட்டத்தில் வெளியே போயிடணும். இவ்வளவு தெரிஞ்சால் போதும்.

இந்த விளையாட்டு 1891ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் கண்டுபிடிச்சது. முதல்ல பீச் பழம் போடுற கூடையைத்தான் கட்டித் தொங்க விட்டாராம். அதனாலதான் கூடைப்பந்து. அடுத்த இரண்டு வருஷத்துக்குள்ளேயே அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் சென்டா பெரென்சன் என்ற ஆசிரியை பெண்களை ஆட வச்சுட்டாங்க. ஆனா பெண்களுக்கு என்று விதியை மாற்றினாங்க. மைதானத்தைக் கோடு போட்டுப் பிரிச்சு, இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்றாங்க. பெண்கள் முழு மைதானம் ஓடினால் உடம்பு தாங்காது என்று ஒரு நினைப்பு. இது எத்தனை வருஷம் ஓடுச்சு தெரியுமா? அப்பப்போ கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாலும், அங்கே கல்லூரிப் பெண்கள் ஆண்களைப் போல 5 பேராக முழு மைதானமும் ஆடலாம் என்ற விதி 1971ல்தான் உறுதியாச்சு. தண்ணிக்குடம் தூக்கி ரெண்டு மைல் நடக்கிற நம்ம பாட்டிமாரை ஒருத்தர் கூட உடம்பு தாங்குமா என்று கேட்டதில்லை. அது வேற கதை, விடுங்க.

இப்போ நான் சொல்ல வந்த கல்லூரி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம், பிலடெல்பியா நகரத்துக்குப் பக்கம். இம்மாக்குலேட்டா கல்லூரி. அப்போ அது கன்னியாஸ்திரீகள் நடத்தின பெண்கள் கல்லூரி, சின்னது. 1967ல் அவங்க விளையாட்டுக்கூடம் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் பந்து விளையாட இடம் இல்லை. கன்னியர் மடத்துக் கட்டிடத்தோட அடித்தளத்தில் ஒரு இடம் இருந்தது, அங்கே பழகினாங்க. 1970ல் கேத்தி ரஷ் என்ற இளம்பெண்ணைப் பயிற்சியாளராக வச்சாங்க. இருபத்து சில வயசு. சம்பளம் ஒரு சீசனுக்கு 450 டாலர். அந்தக் காலத்துக்குமே அது ரொம்பக் குறைவுதான்.

அந்த அணியில் உயரமான பிள்ளை தெரசா ஷாங்க். 5 அடி 11 அங்குலம். இவள் வேற கல்லூரிக்குப் போக வேண்டியவள். வீடு தீப்பிடிச்சு எரிஞ்சு போனதால, குடும்பத்துக்குப் பக்கத்திலேயே இருக்கணும் என்று, வீட்டிலிருந்தே போய் வர்ற மாதிரி இந்தக் கல்லூரியில் சேர்ந்தாள். விளையாட்டுக்கூடம் எரிஞ்ச கல்லூரிக்கு வீடு எரிஞ்ச பிள்ளை வந்து சேர்ந்திருக்கு பாருங்க.

உயரம் என்று சொல்லும்போது ஒரு விஷயம். என் அக்கா மகளும் நல்ல உயரம். எட்டாவது படிக்கும்போதே "இந்த உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கே தேடுறது" என்று சொந்தக்காரங்க ஆரம்பிச்சுட்டாங்க. அவளும் கூனிக்கிட்டே நடப்பாள். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் பி.டி. மேடம் வரிசையில் பார்த்துட்டு, "நீ வாம்மா" என்று கூப்பிட்டாங்களாம். இப்போ கூனுறதில்லை.

விஷயத்துக்கு வர்றேன். அமெரிக்காவில் ஆண்கள் கல்லூரி விளையாட்டைப் பெரிய சங்கம் ஒண்ணு ரொம்ப வருஷமாக நடத்திக்கிட்டு வந்தது. பெண்களுக்கு அவங்க போட்டி வைக்கலை. 1982ல்தான் அந்தச் சங்கம் பெண்களுக்குக் கூடைப்பந்துப் போட்டி வச்சது. அது வரைக்கும் காத்திருக்க முடியுமா? பெண் உடற்பயிற்சி ஆசிரியைகளே சேர்ந்து 1971ல் தங்களுக்கு என்று ஒரு சங்கம் வச்சாங்க. கல்லூரிகள் உறுப்பினர், நடத்துறது பெண்கள். நம்ம கூட்டமைப்பு மாதிரி என்று வச்சுக்கோங்க. அந்தச் சங்கம் 1972 மார்ச் மாசம் முதல் தேசியப் போட்டியை நடத்தினது. 16 அணிகள். அதுக்குப் போக முதல்ல வட்டார அளவில் ஆடி வரணும்.

இம்மாக்குலேட்டா பிள்ளைங்க அந்த வருஷம் தோல்வியே இல்லாமல் ஆடிக்கிட்டு வந்தாங்க. யாரும் பெரிசாகக் கண்டுக்கலை. சின்னக் கல்லூரி, சின்ன அணிகளோட ஆடி ஜெயிக்குது என்று நினைச்சிருக்கலாம். வட்டாரப் போட்டி இறுதி ஆட்டத்தில் அவங்களுக்கு எதிரே நின்னது வெஸ்ட் செஸ்டர் கல்லூரி. இது பக்கத்து ஊர்தான். ஆனா பெரிய கல்லூரி, உடற்பயிற்சி ஆசிரியைகளை உருவாக்குறதுக்குப் பேர் போனது. பெண்களுக்குத் தேசிய அளவில் போட்டி வைக்கணும் என்று 1969லேயே முதல் அழைப்புப் போட்டியை நடத்திக் காட்டின கரோல் எக்மன் அம்மாதான் அங்கே பயிற்சியாளர். கேத்தி ரஷ்ஷே படிச்சது அந்தக் கல்லூரியில்தான். படிச்ச கல்லூரிக்கு எதிராகப் போய் நின்னாங்க.

என்ன ஆச்சு? 70க்கு 38. 32 பாயிண்டில் தோல்வி.

நம்ம பிள்ளைங்க 27. அவங்க 32. இந்த இடத்தைக் கேட்டதும்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வட்டாரத்தில் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்ததால தேசியப் போட்டிக்குப் போக இடம் கிடைச்சது. ஆனா வரிசைப் படுத்தும்போது 16 அணிகளில் 15வது இடம். கடைசிக்கு ஒண்ணு முன்னாடி. ஆட்டம் நடக்கிற ஊர் இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊர். ஊர் பேரே நார்மல்தான். பென்சில்வேனியாவிலிருந்து விமானத்தில் போகணும். அவ்வளவு பணம் கல்லூரியில் இல்லை. இப்படி ஒரு தேசியப் போட்டி வரும் என்று யாரும் கணக்கில் ஒதுக்கி வைக்கலை.

பிள்ளைங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? பல் தேய்க்கிற பிரஷ் வித்தாங்க. ஆமாம், டூத் பிரஷ். சிரிக்காதீங்க, நாம பினாயிலும் ஊறுகாயும் தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஆபீசாகப் போகலையா? பத்து இடத்தில் வேண்டாம் என்று சொன்னால் பதினொண்ணாவது இடத்தில் ஒரு பாட்டில் வாங்குவாங்க. அவங்களும் அப்படித்தான் வித்திருப்பாங்க.

அப்படிச் சேர்த்தும் 8 பிள்ளைங்க போறதுக்குத்தான் பணம் பத்துச்சு. மீதிப் பிள்ளைங்க வீட்டிலேயே நின்னுட்டாங்க. அந்த 8 பேரும் கூட உறுதியான டிக்கெட் எடுத்துப் போகலை. விமானத்தில் இடம் காலியாக இருந்தால் ஏற்றிக்குவோம் என்கிற டிக்கெட். நம்ம வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி.

இதில் எல்லாரும் போன 8 பேரைப் பற்றித்தான் பேசுறாங்க. என் மனசு நின்னுட்ட பிள்ளைங்க கிட்டேயே சுத்துது. ஒரு வருஷம் பூரா கூடப் பழகி, கூடப் பிரஷ் வித்து, கடைசியில் பை கட்டாமல் நிற்கிறது இருக்கே. நம்ம குழுவிலும் கண்காட்சிக்கு இரண்டு பேர்தான் போக முடியும் என்று வரும். ராத்திரி முழுக்க முறுக்கு சுத்தினவள் ஒருத்தி, மேடையில் சான்றிதழ் வாங்குறவள் ஒருத்தி. அந்தப் பிள்ளைங்க பேர் என் தாளில் இல்லை. எழுதி வச்சிருக்கணும் என்று எனக்குத் தோணுது.

8 பேர் என்றால் கணக்குப் பாருங்க. மைதானத்தில் 5 பேர், வெளியே 3 பேர். பட்டம் வாங்கணும் என்றால் தொடர்ந்து 4 ஆட்டம் ஜெயிக்கணும். ஒருத்திக்குக் கால் சுளுக்கினால், இன்னொருத்தி 5 தப்பு பண்ணி வெளியே போனால், அப்புறம் மாற்றி விட ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். உடுப்பும் இப்போ மாதிரி லேசான துணி இல்லை. கம்பளித் துணியில் தைச்ச, பள்ளிக்கூடச் சீருடை மாதிரிப் பாவாடை உடுப்பு. அதைப் போட்டுக்கிட்டுத்தான் ஓடணும்.

முதல் ஆட்டம் சவுத் டகோட்டா ஸ்டேட் அணியோட. 60க்கு 47, ஜெயிச்சாங்க. இரண்டாவது இண்டியானா ஸ்டேட். 49க்கு 47. இரண்டே பாயிண்ட், அதாவது ஒரே ஒரு பந்து. மூணாவது ஆட்டம் மிசிசிப்பி மாநிலப் பெண்கள் கல்லூரியோட. அவங்க முந்தின வருஷம் அழைப்புப் போட்டியில் பட்டம் வாங்கினவங்க. 46க்கு 43, மூணு பாயிண்ட்.

இறுதி ஆட்டத்துக்கு எதிரே யார் வந்து நின்னாங்க? அதே வெஸ்ட் செஸ்டர். பக்கத்து ஊர்ப் பிள்ளைங்க இரண்டு அணியும் அவ்வளவு தூரம் போய் அங்கே எதிரும் புதிருமாக நிற்கிறாங்க. சில நாளைக்கு முன்னாடிதான் 32 பாயிண்டில் தோற்கடிச்சவங்க.

52க்கு 48. இம்மாக்குலேட்டா ஜெயிச்சது. அதில் பாதி, 26 பாயிண்ட், தெரசா ஷாங்க் ஒருத்தி போட்டது. 1972 மார்ச் 19. பெண்கள் சங்கம் நடத்தின முதல் தேசியப் பட்டம் 15வது இடத்தில் இருந்த அணிக்குப் போச்சு.

(இந்த இடத்தில் கை தட்டினாங்க. கை தட்டினதை எழுத வேண்டாம் என்று சொன்னேன், மலர்க்குழுத் தங்கச்சி கேட்கலை.)

அதுக்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிடறேன். அதே வருஷம் ஜூன் மாசம், அரசுப் பணம் வாங்குற கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதுக்கப்புறம்தான் பெண்கள் விளையாட்டுக்கும் பணம் ஒதுக்கியாகணும் என்ற நிலை வந்தது. இம்மாக்குலேட்டா 1973லும் ஜெயிச்சது, 1974லும் ஜெயிச்சது. 1975 பிப்ரவரியில் நியூயார்க்கில் மாடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற பெரிய அரங்கத்தில் முதன்முதலாகப் பெண்கள் கல்லூரி ஆட்டம் நடந்தது. அதில் ஆடின இரண்டு அணியில் ஒண்ணு இவங்க. பார்க்க வந்தவங்க ஏறக்குறைய 12,000 பேர். தெரசா பிற்காலத்தில் பெரிய பயிற்சியாளராகி 1992ல் அமெரிக்காவோட ஒலிம்பிக் பெண்கள் அணிக்கே பயிற்சி கொடுத்தாங்க. 2014ல் இந்த அணியைக் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்த்தாங்க.

கன்னியாஸ்திரீகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. அணியில் ஒரு பிள்ளையோட அப்பா இரும்புச் சாமான் கடை வச்சிருந்தார். கடையிலிருந்து வாளியும் கட்டையும் கொண்டு வந்து கொடுப்பாராம். சிஸ்டர்மார் உட்கார்ந்து வாளியைத் தட்டி ஒரே சத்தம் போடுவாங்களாம். எதிரணிக்குக் காது அடைச்சுப் போகும். எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிச்சிருக்கு. அங்கியும் முக்காடுமாக, வாளியில் தாளம் போட்டுக்கிட்டு. நம்ம வீட்டிலும் வாளிக்குப் பஞ்சம் இல்லை.

சரி, கதை நல்லாயிருக்கு. அதுக்காக 27ல் தோற்ற நம்ம பிள்ளைங்க அடுத்த மாசம் ஜெயிச்சிடுவாங்க என்று நான் சொன்னால், அது பொய். பொய் சொல்ல மாட்டேன். இதே இம்மாக்குலேட்டா 1975ல் இறுதி ஆட்டம் வரைக்கும் போய் டெல்டா ஸ்டேட் என்ற கல்லூரியிடம் 90க்கு 81 என்று தோற்றது. மூணு வருஷம் ஜெயிச்சவங்களும் தோற்பாங்க. பந்து யார் பக்கமும் சத்தியம் பண்ணிக் கொடுக்காது.

நான் என்ன பண்ணினேன் என்றால், ஊர் பேசுறதை விட்டுட்டு, என் அக்கா மகளிடம் கணக்கு கேட்டேன். "31க்கு 58 என்று மொத்தமாகச் சொல்லாதே. எப்போ எவ்வளவு விழுந்தது, பிரிச்சுச் சொல்லு" என்றேன். குழுவில் பத்து வருஷமாகப் பேரேடு எழுதுறவளுக்கு வேற என்ன கேட்கத் தெரியும்? மொத்த நிலுவையை மட்டும் பார்த்து ஒரு குழுவை எடை போட முடியுமா? எந்த மாசம் நின்னது, எந்த மாசத்திலிருந்து கட்ட ஆரம்பிச்சாங்க என்று பார்ப்போம் இல்லையா?

ஆட்டம் 10 நிமிஷம், 10 நிமிஷமாக 4 பகுதி. அவள் சொன்ன கணக்கு இது. முதல் பகுதியில் நம்ம பிள்ளைங்க 4, எதிரணி 20. இரண்டாவதில் 7க்கு 16. மூணாவதில் 8க்கு 13. கடைசிப் பகுதியில் நம்ம பிள்ளைங்க 12, எதிரணி 9.

கேட்டுக்கோங்க. கடைசி 10 நிமிஷம் நம்ம பிள்ளைங்கதான் கூடப் போட்டிருக்காங்க. ஒவ்வொரு பகுதியிலும் நம்ம எண் ஏறியிருக்கு, அவங்க எண் இறங்கியிருக்கு. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. உடனே அவளே சொன்னாள்: "சித்தி, ரொம்பச் சந்தோஷப்படாத. அவங்க ஜெயிச்சாச்சு என்று தெரிஞ்சதும் நல்லா ஆடுறவங்களை உட்கார வச்சுட்டு ரெண்டாம் வரிசை ஆளுங்களை இறக்கிட்டாங்க. அதுவும் ஒரு காரணம்." அந்தப் பதிலைக் கேட்டதும்தான் எனக்கு இந்தப் பிள்ளைங்க மேல நம்பிக்கை வந்தது. தனக்குச் சாதகமான கணக்கிலேயே ஓட்டை எங்கே இருக்கு என்று பார்க்கத் தெரியுது.

அப்புறம் முதல் பகுதியில் ஏன் 4 மட்டும் என்று கேட்டேன். எதிரணி ஆரம்பத்திலேயே முழு மைதானத்திலும் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கிட்டு, பந்தைக் கொண்டு வரவே விடலையாம். பந்து கொண்டு வர்ற பிள்ளை கால் வீங்கி வெளியே உட்கார்ந்திருந்தாள். மாற்றி விட்ட பிள்ளைக்கு அது இரண்டாவது ஆட்டம். பதறிப் பந்தை எதிரி கையிலேயே கொடுத்திருக்காள். இன்னொண்ணு, ப்ரீ த்ரோ 15 கிடைச்சிருக்கு, விழுந்தது 5தான். யாரும் தடுக்காமல் நின்னு எறியறதிலேயே 10 போச்சு. இது தோற்ற கணக்கில் மூணில் ஒரு பங்குக்கு மேல.

இப்போ தினமும் காலையில் ஆளுக்கு 50 ப்ரீ த்ரோ எறிஞ்சுட்டுத்தான் மற்ற பயிற்சியாம். கால் வீங்கின பிள்ளை அடுத்த வாரம் ஓட ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கார். பந்து கொண்டு வர்ற வேலைக்கு இரண்டு பேரைப் பழக்குறாங்க. அந்த இரண்டு பேரில் ஒருத்திதான் வீட்டில் நிறுத்தச் சொல்லியிருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளை.

அதனாலதான் இதை இன்னைக்கே பேசணும் என்று வந்தேன். அவள் நின்னால் அவளுக்கு மட்டும் நட்டம் இல்லை. அணியில் இருக்கிறதே 10 பேர். அந்த இடத்துக்கு ஒரு மாசத்தில் புது ஆளைப் பழக்க முடியாது.

நமக்கு இது புதுசா? ஒரு வருஷம் மழை இல்லாமல் போய், எங்க குழுவில் ஆறு பேர் நாலு மாசம் தவணை கட்ட முடியலை. தர மதிப்பீட்டுக்கு வந்தவங்க சரியாக அந்த நாலு மாசத்தைப் பார்த்துட்டு, எங்களைக் கீழே இறக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு முந்தின ஏழு வருஷம் ஒரு நாள் தவறாமல் கட்டினதை யாரும் புரட்டிப் பார்க்கலை. அப்போ குழுவைக் கலைச்சிடலாம் என்று சொன்னவங்க இரண்டு பேர் இப்போ இந்தக் கூட்டமைப்பில் நிர்வாகிகளாக இருக்காங்க. அவங்களைப் பார்த்துச் சிரிக்கலை, சும்மா ஞாபகப்படுத்துறேன்.

நான் கேட்கிறது மூணு விஷயம்.

அந்த வீட்டுக்கு நம்ம தலைவி அக்காவும் இன்னும் இரண்டு பேரும் போய்ப் பேசணும். பிள்ளையோட அப்பா நல்ல மனுஷர். ஊர் பேச்சுக்குப் பயப்படுறார், அவ்வளவுதான். ஊர் பேசினால் ஊர்ப் பொம்பளைங்க நாங்க கூட இருக்கோம் என்று அவர் காதில் விழணும். இந்த 10 நிமிஷக் கணக்கு எழுதின தாளை நானே எடுத்துட்டு வர்றேன். அவர் லாரி ஷெட்டில் கணக்கு எழுதுறவர், எண்ணைப் பார்த்தால் புரிஞ்சுக்குவார்.

இரண்டாவது, போக வர பஸ் செலவும் சாப்பாடும் கல்லூரி பார்த்துக்குது. ஷூ கல்லூரி கொடுக்கிறதில்லை. மூணு பிள்ளைகளும் இப்போ போட்டிருக்கிறது அடி தேஞ்சு போன ஷூ, பளபளப்பான தரையில் வழுக்குது. கூட்டமைப்பு நிதியில் கை வைக்கச் சொல்லலை, அது கடனுக்கு உண்டான பணம், அதுக்கு விதி இருக்கு. 14 குழு இருக்கோம். ஒரு குழுவுக்கு 300 ரூபாய் என்று உறுப்பினர்கள் கையிலிருந்து பிரிச்சால் 4,200 ஆகுது. மூணு ஜோடிக்கு ஆளுக்கு 1,400. எங்க குழு பங்கை நேற்றே வசூல் பண்ணியாச்சு, பொருளாளர் கையில் கொடுத்து ரசீது வாங்கிட்டேன். இதைத் தீர்மான நோட்டில் எழுதணும். யார் யார் கொடுத்தாங்க என்று பேரோட எழுதணும். பிரஷ் வித்துட்டு வீட்டில் நின்னுட்ட பிள்ளைங்க பேர் மாதிரி நம்ம பேர் காணாமல் போக வேண்டாம்.

மூணாவது, முதல் நாள் ஆட்டம் டவுனிலேயே நடக்குது. வியாழக்கிழமை காலை 10 மணி. 8 மணி பஸ்ஸில் போனால் போய்ச் சேரலாம். நூறு நாள் வேலை இருக்கிறவங்க வர முடியாது, தெரியும். மற்றவங்க எத்தனை பேர் வர்றீங்க என்று சாப்பாட்டுப் பந்திக்கு முன்னாடி என்கிட்ட பேர் கொடுங்க. முதல் ஆட்டமே அந்த 58 போட்ட அணியோடதான்.

வாளி கொண்டு வரலாமா என்று பி.டி. மேடத்திடம் கேட்கச் சொல்லியிருக்கேன். அனுமதி இல்லை என்றாங்கன்னா கையைத் தட்டுவோம்.